ஏறும்போது மட்டும் நிற்கும் மோட்டார்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். என் மூக்குக்கண்ணாடியையும் அவள் முழங்காலையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் நலம்தான். அங்கே உங்கள் உடம்பையும் அப்பா அம்மா உடம்பையும் கேட்டதாகச் சொல்லவும்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது கை கால் வைத்துச் சொல்லி உங்கள் காதில் விழுவதற்குள். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறினேன். நல்ல கூட்டம். ஆனால் நான் நடக்க நடக்க ஜனங்கள் விலகி வழி விட்டார்கள், ஒரு அம்மா தன் மகளை எழுப்பி, "எந்திரிடி, பாவம், அவர் உக்காரட்டும்" என்றாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை. தலை நரைத்தால் இந்தக் காலத்திலும் மரியாதை இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இறங்கித் தெருவில் நடக்கும்போது பின்னால் யாரோ சிரித்தார்கள், அது அவர்கள் வீட்டு விஷயம் என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றக் குனிந்தேன், உங்கள் அத்தை பின்னால் நின்றிருந்தாள், "என்னங்க இது" என்றாள். பேன்ட்டின் உட்காரும் பக்கத்தில் நம்ம கம்பெனிப் பெட்டியில் ஒட்டுகிற லேபிள், கோணல் இல்லாமல் நேராக, பெரிய எழுத்தில்: "உள்ளே திரவம். கவிழ்க்காதீர்கள்."

உங்கள் அத்தை சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் திருடிய பொருளோடு பிடிபட்டவள் மாதிரி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நம்ம பெண் போனதற்கப்புறம் இந்த வீட்டில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அந்த லேபிளை நான் உடனே உரிக்கவில்லை, இன்னொரு தடவை சிரிப்பாளோ என்று கொஞ்ச நேரம் அப்படியே நடமாடினேன். சிரிக்கவில்லை.

போனில் சொல்லாமல் கடிதமாக ஏன் எழுதுகிறான் இந்த மனுஷன் என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. உங்கள் அப்பா போன வாரம் எனக்குப் போன் செய்தார். உங்களுக்கு ஒரு இடம் பார்த்திருக்கிறார்களாம், நல்ல பெண்ணாம், உங்கள் தங்கையோடு வேலை பார்க்கிறவளாம். எல்லாம் கூடி வந்தும் நீங்கள் மட்டும் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறீர்களாம். "நான் சொன்னா கேக்க மாட்டேங்கறான் சம்பந்தி. எதைச் சொன்னாலும் மாமா என்ன நினைப்பாருங்கறான். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். பெற்றவர், கேட்காமல் என்ன செய்வார். "சொல்றேன் சம்பந்தி, எனக்கும் சந்தோஷம்தானே" என்று நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். போனில் சொல்லலாம் என்றால், நீங்களும் என்னைப் போல மெஷின் ஆள், எடுத்ததும் எங்கள் ஃபாக்டரி மெஷினைப் பற்றிக் கேட்பீர்கள், நான் சொல்ல ஆரம்பிப்பேன், விஷயம் வாசலிலேயே நின்றுவிடும். அதனால்தான் கடிதம். விஷயத்தைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் மெஷின், போனில் மானத்துக்குப் பயந்து அரைகுறையாகச் சொன்னதை இப்போது முழுசாக.

நம்ம லைனின் கடைசியில் பெட்டியைத் தூக்கி மேலே அடுக்குகிற கை இருக்கிறதல்லவா, அதன் தூக்கு மோட்டார்தான் எமன். ஏறும்போது பாதியில் நிற்கும். மோட்டாரை ஓடு, நில் என்று உத்தரவு போடுகிற டிரைவ் பெட்டியில் சிவப்பு விளக்கு, ஓவர்லோட் என்று ஒரு நம்பர். ரீசெட் பட்டனை அமுக்கினால் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும், மறுபடியும் நிற்கும். இறங்கும்போது ஒரு தகராறும் கிடையாது, மாமியார் வீட்டுக்குப் போகிற புது மாப்பிள்ளை மாதிரி சொகுசாக இறங்கும். நாங்கள் என்ன செய்வோம், எல்லா ஊர் ஃபிட்டரும் செய்கிறதைச் செய்தோம்: நின்றால் ரீசெட், நின்றால் ரீசெட். நம்பர் எதற்கு வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. அழுகிற பிள்ளை வாயில் மிட்டாயைத் திணிக்கிற வைத்தியம். மேனேஜரை நாங்கள் டார்கெட் என்று கூப்பிடுவது உங்களுக்குத் தெரியும், அவர் தினமும் வந்து மெஷினைப் பார்க்காமல் என்னைப் பார்த்துவிட்டுப் போவார், ஏதோ நான்தான் உள்ளே உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்கிற மாதிரி.

அப்போதுதான் நீங்கள் சொல்லிக்கொடுத்த முறை ஞாபகம் வந்தது. சந்தேகப்படுகிற டிரைவைக் கழற்றிப் பக்கத்து மோட்டாருக்குக் கொடு, பக்கத்து டிரைவை இதற்குக் கொடு, ஃபால்ட் டிரைவோடு போகிறதா, அதே இடத்தில் நிற்கிறதா என்று பார். டிரைவோடு போனால் டிரைவ் கெட்டது, இடத்தில் நின்றால் டிரைவ் மேல் பழி போடாதே. தூக்கு மோட்டாருக்கும் பக்கத்தில் லேபிள் ஒட்டுகிற மோட்டாருக்கும் ஒரே மாதிரி டிரைவ், மாற்றிப் போட்டேன். எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்து, "எங்க மாப்பிள்ளை சொல்லிக் குடுத்த முறை, இப்ப பாருங்க" என்று ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். நீங்கள் கூடவே இன்னொன்றும் சொல்லியிருந்தீர்கள், டிரைவை மாற்றினால் உள்ளே இருக்கிற செட்டிங்கையும் மாற்றிப் போட வேண்டும் என்று. அது என் ஞாபகத்துக்கு வந்தபோது லேபிள் மோட்டார் சுற்ற ஆரம்பித்திருந்தது. பெட்டி தூக்குகிற வேகத்தில் லேபிள் ஒட்டினால் என்ன ஆகும் என்பதை அன்றைக்கு மொத்த ஷிப்டும் பார்த்தது. சுருள் முழுக்கப் பாம்பாக வெளியே வந்து, கம்பத்தில் ஒட்டி, டார்கெட்டின் கைப்பையில் ஒட்டி, மெயின் ஸ்விட்சை அணைக்கக் குனிந்த என்மேலும் ஒட்டியது. கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் உரித்துவிட்டேன், தெரியாததோடுதான் பஸ் ஏறினேன். இதில் ஒரு வேடிக்கை, சோதனை பலித்திருந்தது. தூக்கு மோட்டார் மாற்றின டிரைவிலும் நின்றது. ஃபால்ட் இடத்தை விட்டு நகரவில்லை. ஆனால் உடம்பெல்லாம் லேபிளோடு நிற்கிறவன் சொல்வதை யார் கேட்பார்கள்.

டிரைவ் செய்த கம்பெனியிலிருந்து ஒரு சர்வீஸ் இன்ஜினியரை வரவழைத்தார்கள். கழுத்தில் டை கட்டியவர், வேலை செய்யும்போது அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார், அவருக்கும் டை என்று பெயர் வைத்துவிட்டோம். நல்ல பிள்ளை, பாவம், இரவெல்லாம் பயணம் செய்து வந்திருந்தார். டிரைவைக் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பார்த்து, "சார், டிரைவ் வயசாயிடுச்சு, மாத்திடலாம்" என்றார். எனக்கும் அதே வயசுதான் என்பதால் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன். புது டிரைவ் வந்தது, செட்டிங் எல்லாம் சரியாகப் போட்டார், கை தட்டினோம், அவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் ஏறும்போது நின்றது. மோட்டாரைக் கழற்றி மேஜைமேல் வைத்து ஓட்டினோம், தேன் மாதிரி ஓடியது. திரும்ப மாட்டினால் நின்றது. கேபிளை மாற்றினோம், நின்றது. மோட்டாரின் வாலில் ஒரு பிரேக் உண்டல்லவா, கரண்ட் போனால் தூக்கிய பெட்டி யார் தலையிலும் விழாமல் பிடித்துக்கொள்வதற்கு; அதற்கு வருகிற கரண்ட்டையும் நான் அளந்தேன், சரியாக இருந்தது. இந்த வரியை ஒருமுறை சிரித்துக்கொண்டே படியுங்கள், நான் அளந்த லட்சணம் கீழே வருகிறது.

கண்டுபிடித்தது கடைசியில் மூன்று பேர் சேர்ந்து. லைனில் பெட்டி அடுக்குகிற ஒரு அம்மாவுக்கு வானொலி என்று பெயர் வைத்திருக்கிறோம், வாயே திறக்க மாட்டார் என்பதால். டை இரண்டாம் தடவை வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது அவர் வேலையை நிறுத்தாமல், "அண்ணே, ஏறும்போது முனகுது. எறங்கும்போது முனகல" என்றார். அவ்வளவுதான், மறுபடியும் பெட்டிப் பக்கம் திரும்பிவிட்டார். டை உடனே போய் மோட்டாரின் வாலில் கையை வைத்துப் பார்த்து, சுட்டுக்கொண்டு உதறினார். "சார், இது பிரேக். முழுசா விடவே இல்ல. நீங்க அளந்தப்ப கம்பி மாட்டியிருந்துதா, கழட்டியிருந்துதா?" என்று கேட்டார். கழற்றித்தான் அளந்தேன். வேலை செய்யாமல் சும்மா நிற்கிறவனைப் பார்த்து உனக்குப் பலம் இருக்கிறதா என்று கேட்டால் நிறைய இருக்கிறது என்றுதான் சொல்வான். கம்பியை மாட்டி, மெஷினை ஓடவிட்டு அளந்தால் பாதிகூட வரவில்லை. பேனலுக்குள் ஒரு ஸ்குரூ தளர்ந்து, அந்த இடம் கறுத்துப் போயிருந்தது. பிரேக் திறக்க வேண்டிய அளவுக்குத் திறக்காமல் பாதி பிடித்த பிடியாகவே இருந்திருக்கிறது. டிரைவ் மேலே போ என்கிறது, மோட்டார் போகப் பார்க்கிறது, பிரேக் பின்னால் இழுக்கிறது. நிற்கிறதே என்று நாங்கள் திட்டினோம், மாப்பிள்ளை, இத்தனை நாள் ஏறியதுதான் ஆச்சரியம். பிடித்த பிடியோடு, சூடாகி, முனகி, நாங்கள் ரீசெட் அமுக்க அமுக்க மறுபடியும் மறுபடியும் ஏறப் பார்த்திருக்கிறது. அந்த ஸ்குரூவை முறுக்கினோம். இப்போது முனகல் இல்லை. டார்கெட் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் போர் ஜெயித்த ராஜா மாதிரி வீட்டுக்கு வந்து உங்கள் அத்தையிடம் கதை அளந்தேன். அவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கமாக மெஷின் கதை ஆரம்பித்தால் அவளுக்கு அடுப்படியில் வேலை வந்துவிடும், அன்றைக்கு உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். அப்புறம் கேட்டாள், "அப்ப மோட்டார் மேல தப்பு இல்ல?"

"இல்ல."

"உத்தரவு போட்ட பெட்டி மேலயும் இல்ல?"

"இல்லங்கறேன்."

"அப்ப பிடிச்சுக்கிட்டிருந்தது மேல?"

நான் யோசித்தேன். அதன் மேலும் தப்புச் சொல்ல முடியாது, பிடிப்பது அதன் வேலை, விடுவதற்கு வேண்டிய கரண்ட் அதற்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான் என்று சொன்னேன். ஒரு துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்க்காமலே, "ஞாயித்துக்கெழம மாப்பிள்ளை போன் பண்ணா எடுக்காதீங்க" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. என்ன பேசுகிறாய் நீ, அவர் ஒருத்தர்தான் நம்மை விசாரிக்கிறார், அதையும் கெடுக்கப் பார்க்கிறாயா என்று சத்தம் போட்டேன். அவள் சத்தம் போடவில்லை. "நாம விட்டாத்தாங்க அவரு போவாரு" என்றாள். துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் பத்தாம் வகுப்பைப் பின்வாசல் வழியாகத் தாண்டியவன், எனக்கு எல்லாம் மெதுவாகத்தான் ஏறும். இது ஏற இரண்டு நாள் ஆனது.

நினைத்துப் பாருங்கள் மாப்பிள்ளை. நம்ம பிள்ளை காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய், வீட்டுக்கு வராமலே போனாள். எல்லாம் முடிந்து நீங்கள் ஊர் திரும்பிய பிறகு முதல் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தீர்கள். நான் ஹலோ என்றேன், நீங்களும் ஹலோ என்றீர்கள், அதற்குமேல் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. கடைசியில் நீங்கள்தான், "மாமா, அந்த லைன் ஓடுதா?" என்று கேட்டீர்கள். ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் "இல்ல மாப்பிள்ளை, தகராறு பண்ணுது" என்றேன். அப்படி ஆரம்பித்தது. அதற்கப்புறம் ஒரு ஞாயிறு தப்பவில்லை. நீங்கள் கேட்பீர்கள், நான் ஒரு ஃபால்ட் சொல்வேன், நீங்கள் என்ன நம்பர் என்பீர்கள், பேசிக்கொண்டே இருப்போம். அவள் பேரை நீங்களும் சொல்ல மாட்டீர்கள், நானும் சொல்ல மாட்டேன். அவள் இருந்தபோதும் இதே பேச்சுத்தானே. நீங்கள் இரண்டு பேரும் வந்தால் நானும் நீங்களும் மூலையில் உட்கார்ந்து டிரைவ், மோட்டார் என்று ஆரம்பித்துவிடுவோம், அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்று, "அப்பா, கல்யாணம் எனக்கும் அவருக்குமா, உனக்கும் அவருக்குமா? தெரிஞ்சா நான் பஸ் ஏறிடுவேன்" என்பாள். நாம் சிரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருவோம். விட்ட இடத்திலிருந்தே இன்னும் தொடர்ந்துகொண்டிருக்கிறோம், மாப்பிள்ளை. நிறுத்தினால் என்ன கேட்குமோ என்று எனக்குப் பயம். உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

ஆகவே, உங்கள் அப்பாவுக்குக் கொடுத்த வாக்குப்படி எழுதுவது என்னவென்றால், எனக்கும் உங்கள் அத்தைக்கும் முழுச் சம்மதம். நான் என்ன நினைப்பேனோ என்று நீங்கள் நிற்க வேண்டாம். உங்கள் வயசில் தனியாக இருந்து யாருக்கு என்ன நிரூபிக்கப் போகிறீர்கள். அவளால் முடிந்திருந்தால் அவளே பெண் பார்த்திருப்பாள், பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணுக்கு மெஷின் பேச்சுப் பிடிக்குமான்னு முதல்ல கேளுங்க" என்று சொல்லியிருப்பாள். சம்மதம் என்று உங்கள் அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். இன்னொன்று, எழுதக் கை வரவில்லை, எழுதிவிடுகிறேன். இனி ஞாயிற்றுக்கிழமை போன் வேண்டாம். புதிதாக வருகிறவள் வீட்டில் கால் வைத்ததும் பழைய மாமனாரோடு மணிக்கணக்கில் பேசுகிற புருஷனைப் பார்த்தால் அவளுக்கு எப்படி இருக்கும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவன் இறங்கும்போது துண்டையும் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். உங்களுக்கு ஒரு புது மாமனார் வரப்போகிறார். அவர் மெஷின் தெரிந்தவராக இருந்தால் உங்கள் பாக்கியம். தெரியாதவராக இருந்தால் பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள், என்னையே தேற்றியவர் நீங்கள். எங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். மெஷின் சரியாகிவிட்டது, நான் உங்களைக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. உங்கள் அத்தை முழங்காலுக்குத் தைலம் தடவுகிறாள், வாசனைதான் தாங்க முடியவில்லை, வலி குறைந்திருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். பேனலைத் திறக்கும்போது மெயினை அணைத்துவிட்டுக் கை வையுங்கள், அணைத்தாயிற்று என்று அடுத்தவன் சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் தொட்டதெல்லாம் ஓட வேண்டும், ஓடியதெல்லாம் நிற்காமல் இருக்க வேண்டும், உங்கள் வீட்டில் பேச்சுச் சத்தம் நிறைய இருக்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் மனசார வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் மாமா
(இந்தச் சொல்லைக் கடைசித் தடவையாகப் போட்டுக்கொள்கிறேன்)

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது உங்கள் அப்பா மறுபடியும் போன் செய்தார். எழுதியாயிற்று என்று சொன்னேன், அவருக்குப் பாதி உயிர் வந்தது. அப்புறம் பேச்சோடு பேச்சாக, "ஒண்ணே ஒண்ணுதான் கொறை சம்பந்தி. அந்தப் பொண்ணுக்கு அப்பா இல்ல. சின்னதுல போயிட்டாரு. அம்மா மட்டும்தான். நாளைக்குப் பொண்ணுக்குப் பெரியவங்கன்னு முன்னால வந்து நிக்க ஒரு ஆள் கெடையாது, அதுதான் யோசனையா இருக்கு" என்றார். அதெல்லாம் பெரிய விஷயமில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் சொன்னேன். போனை வைத்த பிறகும் கையிலேயே வைத்திருந்தேன். உங்கள் அத்தை வந்து, யார், என்ன என்று கேட்டாள், சொன்னேன். அவள் கவரை என் கையிலிருந்து வாங்கி, இன்னும் ஒட்டவில்லைதானே என்று மட்டும் கேட்டாள்.

ஆகவே மேலே போன் வேண்டாம் என்று எழுதிய பகுதியை நீங்கள் படிக்காத மாதிரி வைத்துக்கொள்ளவும். சம்மதம் சம்மதம்தான், அதில் மாற்றமில்லை. லேபிள் மோட்டார் இன்று காலையிலிருந்து ஏதோ ஒரு நம்பர் காட்டுகிறது. சின்ன நம்பர்தான், இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் யாரையும் தொட விடப் போவதில்லை.

உங்கள் அப்பாவிடம் வாய்விட்டு நான் சொல்லாதது ஒன்றுதான்: அந்த இடத்துக்கு ஆள் தேவைப்பட்டால், ஒரு பெண்ணுக்கு அப்பாவாக இருந்து பழகிய ஒருவன் இங்கே வேலையில்லாமல் இருக்கிறான்.